முழுக் கவுதாரித் தோல் வாங்கலாமா? பல சீசன்கள் பயன்படுத்திய அனுபவம்

சாஃப்ட் ஹேக்கிள் ஃப்ளை (தூண்டில் முள்ளில் மென்மையான இறகைச் சுற்றிப் பூச்சி போலச் செய்யும் செயற்கை இரை) கட்டத் தொடங்குபவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், கவுதாரி இறகைப் பாக்கெட்டில் வாங்குவதா, இறகோடு இருக்கும் முழுத் தோலாக வாங்குவதா என்பதுதான். இங்கிலாந்தில் யார்க்ஷயரின் வார்ஃப் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பதற்காக, பல சீசன்களாக ஒரே தோலிலிருந்து இறகு எடுத்துக் கட்டி வருகிறேன். விலை கூடுதல்தான். ஆனாலும் தோலையே வாங்குங்கள் என்பேன். நான் சொல்வது ஐரோப்பியச் சாம்பல் கவுதாரியை. நம்மூர்க் கவுதாரி வேறு இனம்.

எல்லாம் இறகின் அளவில்தான் இருக்கிறது. நான் அதிகம் கட்டுவது பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச், அதாவது கவுதாரி இறகும் ஆரஞ்ச் பட்டும் சேர்ந்த ஃப்ளை, 14 அல்லது 16ஆம் நம்பர் முள்ளில் (நம்பர் கூடக்கூட முள் சிறிது). இறகின் இழை முள்ளின் வளைவைக் கொஞ்சம் தாண்டினால் போதும். எனக்குக் கிடைத்த பாக்கெட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் இதற்கு நீளமானவை. சின்ன இறகுகள் கழுத்திலும் சிறகின் மேல் விளிம்பிலும்தான் இருக்கும். தோல் கையில் இருந்தால் பார்த்துப் பொறுக்கலாம்.

இறகின் அடியில் இருக்கும் பஞ்சை முதலில் உரித்துவிடுவேன். நுனியில் சில இழைகளை விட்டுவிட்டு, மற்றவற்றைப் பின்பக்கமாகத் தடவினால் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். அந்த நுனியை நூலில் கட்டி, ஒன்றரைச் சுற்று. அதிகம் போனால் இரண்டு. நுனிப்பக்கம் தண்டு மிக மெல்லிசு, இழுத்துச் சுற்றினால் பட்டென்று அறுந்துவிடும். கடையில் விற்கும் ஃப்ளைகளில் இறகை அடர்த்தியாகச் சுற்றியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இழைக்கு இழை இடம் இருந்தால்தான் நீரோட்டத்தில் அது அசையும்; மீன் வருவதே அந்த அசைவுக்குத்தான்.

உடம்புக்கு வெறும் பட்டு நூல்தான். பியர்சால்ஸ் கோசமர் ஆரஞ்ச் நூலில் லேசாக மெழுகு தடவி, முள்முனைக்கு நேர் மேலே சுற்றை நிறுத்திவிட வேண்டும். காய்ந்திருக்கும்போது பளிச்சென்று தெரியும் ஆரஞ்ச், நனைந்ததும் கருஞ்சிவப்புக்கு இறங்கிவிடும். மெல்லிய தங்கக் கம்பி சுற்றினால் மீன் பல்லுக்கு நூல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தூண்டில் எழுத்தாளர் டி. ஈ. பிரிட் 1885-இல் இந்த வட்டாரத்து ஃப்ளைகளைத் தொகுத்தபோதே பட்டும் கவுதாரி இறகும் சேர்ந்த இந்தக் கட்டு அதில் இருந்தது. இன்றுவரை அதில் மாற்ற வேண்டியது எதுவும் எனக்குத் தென்படவில்லை.

மார்ச் 25 அன்று சீசன் திறந்ததும் சில வாரங்களுக்கு மட்டும் கவுதாரியை ஒதுக்கிவிட்டு, தாழைக்கோழிச் சிறகின் அடி இறகில் மஞ்சள் பட்டு சேர்த்து வாட்டர்ஹென் ப்ளோவா என்ற ஃப்ளையைக் கட்டுவேன். அப்போது பறக்கும் கரும்பச்சை ஆலிவ் பூச்சிகளுக்கு அதுதான் பொருத்தம்.

தோலுக்கு எமன் அந்துப்பூச்சிதான். புதுத் தோல் வந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து எடுத்த பிறகே மற்ற இறகுகளோடு சேர்க்கிறேன்.

சாம்பல் கவுதாரி பிரிட்டனில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்த பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கும் பறவை. அதனால் வாங்கிய தோலில் ஒரு இறகும் வீணாகக் கூடாது என்பதில் நான் கறார். பெரிய இறகிலிருந்து ஒரு கொத்து இழையைக் கிள்ளி, நுனி முள்ளின் கண்ணைத் தாண்டி முன்னால் நீளும்படி வைத்து, நூலை இறுக்கும்போதே விரலால் சுற்றிலும் பரப்பி, பிறகு பின்னால் மடக்கிக் கட்டலாம். 16ஆம் நம்பருக்கும் சரியாக வரும்.

சீசனுக்குக் கொஞ்சம் ஃப்ளை போதும் என்பவர்கள் நண்பரோடு பங்கு போட்டு வாங்கலாம். தோலை நீளவாக்கில் வெட்டுங்கள், கழுத்து இறகு இரண்டு பேருக்கும் கிடைக்கும்.