பிபிஎல்லுக்குப் பிறகு உட்காருவது: ஒரு வருடம் கழித்துத் தொடைத் தலையணை பற்றி

புட்டத்தில் கொழுப்பு நிரப்பும் பிபிஎல் (BBL, பிரேசிலியன் பட் லிஃப்ட்) சிகிச்சை செய்துகொள்பவர்கள் முதலில் தேடுவது தலையணையைத்தான். எனக்கு சிகிச்சை திருவனந்தபுரத்தில், ஓய்வு மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி செய்யப்போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் தலையணை புட்டத்துக்கு மெத்தை அல்ல. தொடைக்கு முட்டுக்கொடுத்துப் புட்டத்தை அந்தரத்தில் நிறுத்துவதுதான் அதன் வேலை. இது புரியாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பயன் இல்லை.

காரணம் இதுதான். வயிறு, இடுப்பு, தொடை என்று எங்கிருந்தோ உறிஞ்சி எடுத்த கொழுப்பு புது இடத்துக்கு வரும்போது அதற்கென்று ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள சதையிலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் முதல் சில நாட்கள் தாக்குப்பிடிக்கிறது. அதன் பிறகே மெல்லிய குழாய்கள் முளைத்து உள்ளே வருகின்றன. பதியம் போட்ட கொம்பு வேர் பிடிக்கிற நேரம் மாதிரி அது. அப்போது உடம்பின் எடை முழுக்க அதன்மேல் இறங்கினால் ரத்தம் வருவது தடைப்படும். எல்லாம் சரியாக நடந்தாலே ஒரு பங்கு கரைந்துதான் போகும். மீதியையாவது காப்பாற்ற வேண்டாமா?

எத்தனை நாள் உட்காரக் கூடாது என்பதில் டாக்டர்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. முதல் 2 வாரம் நேராக உட்காரவே கூடாது, 6 முதல் 8 வாரம் வரை தலையணை வைத்துத்தான் உட்கார வேண்டும் என்பது பரவலாகச் சொல்வது. என் டாக்டரும் அதையே சொன்னார். உங்களுக்கு அறுவை செய்தவர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு.

வைக்கும் முறை: தலையணை முழுதாகத் தொடையின் பின்பக்கத்துக்குக் கீழே, புட்டத்தின் மடிப்புக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணை. பாதம் தரையில் முழுக்கப் பதிய வேண்டும். எனக்கு எட்டவில்லை, அடுக்களையில் கிடந்த மணையைக் காலுக்குக் கீழே போட்டேன். உட்கார்ந்த பிறகு புட்டத்துக்கும் நாற்காலிக்கும் நடுவே உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். கை தடையில்லாமல் போய்வர வேண்டும். உரசினால் உயரம் போதாது. மூலத்துக்கு விற்கும் வட்டமான ஓட்டைத் தலையணை இதற்கு வேண்டவே வேண்டாம். அதன் விளிம்பு நிரப்பிய இடத்திலேயே போய் அழுத்தும்.

ஆன்லைனில் வாங்கியது பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஃபோம் மெதுவானது. சில வாரத்திலேயே நடுவில் அமுங்கி, கை நுழையாமல் போய்விட்டது. மைனி அதை எடுத்துக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போய், அதே அளவில் ரீபாண்டட் ஃபோமில் வெட்டித் தைத்து வாங்கிவந்தாள். கல்லு மாதிரி இருக்கிறதே என்று முதலில் பயந்தேன். அந்தக் கெட்டித்தனம்தான் வேண்டியிருந்தது, இன்றுவரை அமுங்கவில்லை. உறை மட்டும் பருத்தியில் இரண்டு தைத்து வைத்துக்கொள்ளுங்கள். ரெக்சின் உறையில் நம் ஊர் புழுக்கத்துக்குத் தொடை வெந்துவிடும்.

கெட்டித் தலையணையில் ஒரு தொந்தரவும் உண்டு. அரைமணி நேரம் தாண்டினால் தொடை மரத்து, கால் சுருசுருவென்று வரும். அதற்கு முன்பே எழுந்து நடக்க வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் அந்த நடை கட்டாயம். தொடையின் பின்பக்கத்திலிருந்தும் கொழுப்பு எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே எடுத்தால் வலிக்கிற இடத்திலேயே எடை தாங்க வேண்டிவரும்.

உண்மையில் உட்காராமல் வாழக் கற்றுக்கொண்டதுதான் அதிகம் உதவியது. அடுக்களை மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றே கணக்கு வேலை பார்த்தேன். சாப்பாடும் நின்றுதான். தூக்கம் குப்புறப்படுத்து. சர்ச்சில் பெஞ்சை விட்டுவிட்டு முட்டுக்குத்தியே இருந்தேன். "எவ்வளவு நேரம் இப்படியே இருப்ப மக்ளே?" என்று அம்மா காதோடு கேட்பாள். முழங்கால்தான் வலித்தது, புட்டத்தில் எடையே இல்லை.

டாய்லெட்டுக்கு விலக்கு இல்லை. கமோடில் முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றினால் எடை முன்பக்கம் போய்விடும். சீக்கிரம் எழுந்துவிட வேண்டும். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் தண்ணீர், கீரை, தினமும் மட்டிப்பழம் என்று பார்த்துக்கொண்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் சிகிச்சை முடிந்த கையோடு வர வேண்டாம் என்று அங்கேயே சில நாள் தங்கினோம். நெய்யாற்றின்கரையிலும் களியக்காவிளையிலும் காரை நிறுத்தி நடந்தேன். ஆட்டோவைத் தவிருங்கள், சீட்டில் ஆழம் போதாது, பள்ளத்தில் தூக்கிப்போடும்போது தலையணை நழுவிவிடும். குழித்துறையிலிருந்து ரயிலில் செக்கப்புக்குப் போனதுதான் சுகம், கதவை விட்டுத் தள்ளி நின்றுகொண்டே போய்விடலாம். ஸ்கூட்டரை டாக்டர் கடைசியில்தான் அனுமதித்தார்.

தலையணையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த சிகிச்சையில் உயிர் போனதெல்லாம் பெரும்பாலும் கொழுப்பு தசைக்குள் போய், அங்குள்ள பெரிய ரத்தக் குழாய் வழியாக நுரையீரலை அடைத்ததால். 2018இல் பல நாட்டு பிளாஸ்டிக் சர்ஜன் சங்கங்கள் சேர்ந்து, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அடுக்கில் மட்டும் செலுத்துங்கள், தசைக்குள் போகாதீர்கள் என்று எச்சரித்தன. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தசைக்குள் செலுத்துவதையே 2019இல் தடை செய்தார்கள். ஆகவே எந்த அடுக்கில் செலுத்துவீர்கள், அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே செய்வீர்களா என்று வாய் திறந்து கேளுங்கள். கூச்சப்பட இது இடமில்லை. கேள்விக்கு எரிச்சல்படுகிற டாக்டரிடம் செய்துகொள்ளாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, காய்ச்சல், புட்டம் சிவந்து சூடாவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதனால்தான் வீட்டில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். பலரும் முதுகுவலி ஆபரேஷன் என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள்; ஊருக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ராத்திரி உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவரிடம் என்ன சிகிச்சை, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். எனக்கு அது மைனி.