பட்டரைச் சொந்தமாக அமைப்பவர்களுக்கு ஸ்டெபிலிட்டி ஷாஃப்ட் தேவையா?

கோல்ஃப் மட்டைகளில் வீட்டிலேயே அமைத்துக்கொள்ள மிகவும் ஏற்றது, பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் சேர்க்கும் பட்டர்தான். தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டைக்கு ஷாஃப்ட் (தண்டு) தேர்ந்தெடுக்க வேண்டுமானால் வீச்சின் வேகம், பந்து எழும் கோணம் என்று பலவற்றைக் கருவி வைத்து அளக்க வேண்டியிருக்கும். பட்டருக்கோ தலை, ஷாஃப்ட், கிரிப் (கைப்பிடி உறை), கொஞ்சம் எபாக்ஸி பசை ஆகியவற்றோடு பொறுமையும் இருந்தால் போதும். ஆனால், இந்த வேலையில் இறங்குபவர்கள் பலர் தலையைத் தேடுவதிலேயே ஆர்வத்தையும் பணத்தையும் செலவழித்துவிட்டு, ஷாஃப்ட் என்று வரும்போது கைக்குக் கிடைத்த எஃகுக் குழாயை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் பிரேக்த்ரூ கோல்ஃப் டெக்னாலஜி நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ஸ்டெபிலிட்டி ஷாஃப்ட் இந்தப் பழக்கத்துக்கு மாற்றாக வந்தது.

இதன் பின்னணியில் இருந்தவர் டைட் லைஸ் என்ற ஃபேர்வே வுட் மட்டையால் புகழ்பெற்ற பார்னி ஆடம்ஸ். பட்டர் தலைகள் காலப்போக்கில் எடை கூடிக்கொண்டே வந்திருக்க, ஷாஃப்ட் மட்டும் பழைய எஃகுக் குழாயாகவே நின்றுவிட்டது என்பது அவருடைய வாதம். கனத்த தலை மெல்லிய குழாயின் நுனியில் இருக்கும்போது, பந்தைத் தொடும் கணத்தில் ஷாஃப்ட் சற்றே முறுக்கிக்கொள்கிறது என்றும், அதனால் பந்தைத் தொடும் பக்கமான முகம் குறியிலிருந்து விலகுகிறது என்றும் அவர் கருதினார். அதற்காக மேற்பகுதியைக் கார்பன் ஃபைபரில் அகலமான குழாயாக அமைத்து, உள்ளே எடை குறைந்த அலுமினியத் துண்டால் வலுவூட்டி, 7075 ரக அலுமினிய இணைப்பின் வழியாகக் கீழே எஃகுப் பகுதியோடு சேர்த்திருக்கிறார்கள்.

கையில் எடுத்தவுடன் தெரிவது அதன் அமைதி. எஃகு ஷாஃப்டில் பந்து பட்டதும் விரல்வரை ஓடிவரும் மெல்லிய அதிர்வு இதில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கனமான, பருமனான மேலட் வகைத் தலையில் பொருத்தி நீண்ட தூரத்திலிருந்து அடிக்கும்போது, முகத்தின் நடுவிலிருந்து சற்று விலகிப் பட்ட பந்துகூட எதிர்பார்த்த தூரத்தை ஏறத்தாழ எட்டுகிறது என்பது என் அனுபவம். மெல்லிய பிளேடு வகைத் தலையில் இந்த வேறுபாட்டை என்னால் அவ்வளவு தெளிவாக உணர முடியவில்லை. அதிர்வை வைத்தே அடியின் தரத்தைக் கணிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த அமைதி இழப்பாகவே தோன்றக்கூடும். அவர்கள் எஃகிலேயே இருப்பது நல்லது.

எனினும், பட்டர் அமைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது ஷாஃப்டின் பொருளை அல்ல, அதன் வடிவத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து. 1966இல் கார்ஸ்டன் சோல்ஹைம் வடிவமைத்த பிங் ஆன்சர் போன்ற தலைகளில் கழுத்தே வளைந்து ஆஃப்செட்டை (முகம் ஷாஃப்டுக்குச் சற்றுப் பின்தள்ளி இருப்பதை) தந்துவிடுவதால், நேரான ஷாஃப்ட் போதும். கழுத்து இல்லாத மேலட்களில் பெரும்பாலும் ஷாஃப்ட்தான் வளைய வேண்டும். இரட்டை வளைவு ஷாஃப்டின் அச்சு தலையின் ஈர்ப்பு மையத்தை நோக்கிச் செல்லுமாறு அமைந்தால், ஷாஃப்டை விரலில் கிடத்திச் சமன்செய்யும்போது முகம் வானத்தைப் பார்க்கும். அச்சு விலகியிருந்தால் டோ பகுதி (தலையின் வெளிநுனி) கீழே தொங்கும். வளைவுள்ள பட்டரின் ஷாஃப்ட், தலையின் அடிப்பாகத்திலிருந்து 5 அங்குலத்துக்கு மேல் நேராக இருக்க வேண்டும் என்பது கோல்ஃப் விதி. ஆகவே ஸ்டெபிலிட்டியை வாங்குவதற்கு முன், உங்கள் தலை எந்த வளைவைக் கேட்கிறது, ஷாஃப்ட் அதன் துளைக்குள் செல்கிறதா அல்லது தலையிலுள்ள முளையின் மேல் கவிகிறதா என்பவற்றைப் பார்த்து, அதற்கேற்ற கீழ்ப்பகுதி கிடைக்குமா என்று விற்பவரிடம் விசாரித்துக்கொள்வது அவசியம்.

ஒட்டும் வேலையில் நேரான ஷாஃப்ட் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். வளைந்த ஷாஃப்ட் பொறுக்காது. அது துளைக்குள் சிறிதளவு திரும்பினாலும் லாஃப்ட் (முகத்தின் சாய்வு), லை (ஷாஃப்ட் தரையோடு அமைக்கும் கோணம்), ஆஃப்செட் ஆகிய மூன்றும் மாறிவிடும். எனவே எபாக்ஸி இல்லாமல் ஒருமுறை பொருத்தி, மேலிருந்து முகத்தைப் பார்த்து, ஷாஃப்டிலும் கழுத்திலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். துளையின் உட்புறத்தையும் ஷாஃப்டின் நுனியையும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பிறகு எபாக்ஸி தடவி, அந்தக் கோடு மீண்டும் ஒன்றுசேரும்படி நிறுத்தி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விட்டுவிட வேண்டும்.

நீளத்தை எப்போதும் கிரிப் பக்கத்திலிருந்துதான் குறைக்க வேண்டும். எஃகை வெட்டக் குழாய் வெட்டி போதும். கார்பன் ஃபைபருக்கு அது கூடவே கூடாது, நார் பிளந்துவிடும். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, நுண்மையான உராய்வுத் தகட்டால் மெதுவாக அறுக்க வேண்டும். தூள் நுரையீரலுக்குள் போகாதபடி முகமூடி அணிவதும் கட்டாயம். அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங் வெயிட் (ஆட்டும்போது தலை எவ்வளவு கனமாக உணரப்படுகிறது என்ற அளவு) ஏறத்தாழ 3 புள்ளிகள் இறங்கும். அதை ஈடுகட்டத் தலையில் சுமார் 6 கிராம் கூட்ட வேண்டியிருக்கும். எடையை மாற்றிக்கொள்ளும் வசதியில்லாத தலையை வைத்திருப்பவர்கள் இதை முன்பே கணக்கிட்டுவிட வேண்டும்.

எடைப் பங்கீட்டில் அக்கறையுள்ளவர்களுக்கு 2019இல் வந்த ஒடிஸி நிறுவனத்தின் ஸ்ட்ரோக் லேப் பட்டர் வேறொரு வழியைக் காட்டியது. கிராஃபைட்டையும் எஃகையும் இணைத்து ஷாஃப்டில் 40 கிராம் குறைத்து, அதில் 10 கிராமைத் தலைக்கும் 30 கிராமைக் கைப்பிடிப் பக்கத்துக்கும் மாற்றினார்கள். பட்டரின் ஆட்டத்தில் தாளம் தடுமாறுபவர்களுக்கு அந்த வழியே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அறிமுகமானபோது ஸ்டெபிலிட்டியின் விலை ஏறத்தாழ 200 டாலர். சாதாரண எஃகு ஷாஃப்ட் அதில் சிறு பகுதிக்கே கிடைத்துவிடும். கனத்த மேலட் தலை இருந்து, நீளம், லை, வளைவு மூன்றும் உங்களுக்கு ஏற்றபடி முடிவாகிவிட்டால், அந்தப் பணத்துக்கு இது தகும். இவற்றை இன்னும் சோதித்துக்கொண்டிருப்பவர்கள் மலிவான எஃகு ஷாஃப்டில் தொடங்கி, நீளம் உறுதியான பிறகு இதை வாங்கலாம். வெட்டிய கார்பன் ஷாஃப்டை மீண்டும் நீட்டுவது நம்பத்தக்க வேலை அல்ல.