மூணு அடுக்கு கம்போஸ்ட் பானை: மூணேமுக்கால் வருஷம், மூணு தடவை அறுந்த கயிறு

போன ஞாயித்துக்கிழமை கம்போஸ்ட் பானையோட கயிறு மறுபடியும் அறுந்துடுச்சு. மேல் பானையத் தூக்கி நடுவுல வைக்கலாம்னு நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சோம், அடியில இருந்த கயிறு பொத்துனு விட்டு ஒரு மாச அடுப்படிக் கழிவு மொத்தமும் பால்கனியில கொட்டிடுச்சு. கழுவி முடிக்க ரெண்டு மணி நேரம். அன்னிக்கு சாயங்காலமே போரூர்ல இருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தி, அந்தப் பானை இப்ப விலை குறைஞ்சிருக்காமே வாங்கலாமான்னு கேட்டு மெசேஜ் போட்டிருந்தா. அவளுக்கு எழுத ஆரம்பிச்சது நீண்டு போச்சு, அதான் எல்லாருக்குமா இங்கயே போடுறேன்.

அடுப்படிக் கழிவ உரமாக்குற பானை இது, ஒண்ணு மேல ஒண்ணா மூணு இருக்கும். எப்படி வேலை செய்யும்னு பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும், மேல்ல போட்டு நிரம்பினதும் நடுவுக்கு மாத்தணும், அடிப் பானையில உரம் சேரும். மேல் ரெண்டு பானைக்கும் அடி கிடையாது, கயித்தால பின்னின வலைதான், காத்து போகணும்ல அதுக்காக. யோசனை நல்ல யோசனைதான். ஆனா அது சணல் கயிறு! உள்ள போடுறது எல்லாத்தையும் மக்க வைக்கிறதுக்குன்னே ஒரு பானையச் செஞ்சு, அதோட அடியத் தாங்குறதுக்கு மக்கிப்போற கயித்தையே கட்டி வித்தா எப்படி? முதல் தடவை பதினோரு மாசத்துல போச்சு. வாங்கின இடத்துல கேட்டதுக்கு, மாத்துக் கயிறு தனியா விக்கிறோம்னாங்க, அதுவும் அதே சணல். ரெண்டாவது தடவை கோபத்துல நைலான் கயிறு வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா உரத்தைச் சலிக்கும்போது நீல நீலமா நைலான் துணுக்கு கண்ணுல பட்டதும் மனசு ஒப்பல, அந்த மண்ணத்தானே கறிவேப்பிலைத் தொட்டியில போடப் போறோம், அவுத்துட்டு திரும்ப சணலையே கட்டினேன். அதுதான் இப்ப அறுந்தது.

இந்தத் தடவை அத்தை ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, மன்னார்குடிப் பக்கம் அவங்க வீட்டுக் கொல்லையில எருக்குழி இன்னும் இருக்கு. பாத்துட்டு, "ஏம்மா, நீ உள்ள போடுற தேங்கா நாரு மக்குதா?"ன்னாங்க. மக்கல, ஒரு வருஷம் கழிச்சும் போட்ட மாதிரியே வரும், நானும் எடுத்து எடுத்து திரும்ப மேல் பானையில போட்டுக்கிட்டே இருந்திருக்கேன். "அப்ப அந்தக் கயித்துலயே பின்ன வேண்டியதுதானே"ன்னாங்க. தேங்கா நார்ல லிக்னின், அதாவது செடிக்கு விறைப்பு குடுக்குற பொருள், ரொம்ப அதிகம், சணல்ல கம்மி, அதான் நுண்ணுயிரால தேங்கா நார லேசுல உடைக்க முடியாது. இவ்வளவு நாளா கையில எடுத்துப் பாத்துட்டே இருந்தும் எனக்குத் தோணல. அத்தையே உக்காந்து கயித்துக்கட்டில் பின்னுற மாதிரி குறுக்கும் நெடுக்குமா இழுத்துக் கட்டிக் குடுத்தாங்க. கல்லு மாதிரி நிக்குது.

இனி கயித்த விட்டு மத்தத சொல்றேன்.

நாங்க இருக்குறது சென்னை வேளச்சேரி, மூணாவது மாடி. 2022 ஏப்ரல் கடைசியில பக்கத்துல இருக்குற பெருங்குடி குப்பைமேடு தீப்பிடிச்சு எரிஞ்சப்ப சின்னவன வெச்சுக்கிட்டு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு உக்காந்திருந்தோம். அந்த மேட்டுல எங்க வீட்டு முருங்கைக்கோதும் வாழைப்பழத் தோலும்கூட இருக்குங்கிற நினைப்பு அன்னிக்குத்தான் வந்துச்சு. காய்கறிக் கழிவு காத்தில்லாம அடியில அமுங்கினா மீத்தேன் வரும், அது எரியுற வாயு. பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதே வருஷம்தான் உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்னு அதுக்கு ராம்சர் அங்கீகாரமும் வந்துச்சு. ஜூன்ல பானை வாங்கிட்டேன். நாலு பேர் வீட்டுல ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேலயே சேருது, ஒரு மாசம் தராசுல வெச்சுப் பாத்தேன், சராசரி 600 கிராம். அந்தக் கணக்குல இன்னிவரைக்கும் கிட்டத்தட்ட 800 கிலோ எங்க பால்கனிய விட்டு வெளிய போகல. இத எழுதும்போதே சந்தோஷமா இருக்கு.

நாத்தம் வருமான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. காய்ஞ்ச இலை இருந்தா வராது, இல்லன்னா வரும், அவ்வளவுதான் விஷயம். அடுப்படிக் கழிவு முழுக்க ஈரம், நைட்ரஜன் அதிகம், அதுக்கு ஈடா கார்பனும் காத்தோட்டமும் காய்ஞ்ச இலைதான் குடுக்கும். ஒரு கை கழிவுக்கு ரெண்டு கை இலைன்னு நான் போடுறேன். முதல் வருஷம் இது தெரியாம ஐப்பசி மழையில மாட்டினேன், தெருவுல ஒரு காய்ஞ்ச இலை கிடையாது, பானைக்குள்ள சேறு, நெளிய நெளிய புழு, ராத்திரியில கயித்து இடுக்கு வழியா ஊர்ந்து சுவர்ல ஏறுது. அது கருப்பு சிப்பாய் ஈயோட புழு, கடிக்காது, நோயும் பரப்பாது, கழிவ வேகமா தின்னு தீர்க்கும், நல்ல ஜீவன்தான். ஆனா சுவர்ல ஏறினா என் பொண்ணு வீட்டையே ரெண்டாக்கிடுவா. கடையில கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) வாங்கிப் போட்டு சமாளிச்சேன், அதுக்கே மாசம் முந்நூறு ரூபா போச்சு.

அடுத்த வருஷத்துலேர்ந்து மாசி பங்குனியிலயே இலை பிடிச்சு வெச்சுடறேன். எங்க தெருவுல வேப்பமரம் ஏழு, புங்கை ரெண்டு, அப்பதான் மொத்தமா கொட்டும். தெரு கூட்டுற அக்காகிட்ட சொல்லி வெச்சா குவிச்சுத் தந்துடுவாங்க, இல்லன்னா அவங்களும் அத அள்ளி லாரியில ஏத்தத்தான் வேணும். ஆறு அரிசி சாக்கு நிறைய அமுக்கி மாடிப்படிக்கு அடியில வெச்சா அடுத்த மாசி வரைக்கும் தாங்குது. புளிச்ச மோர் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி கலந்து தெளிப்பேன். எலும்பு, எண்ணெய் பலகாரம் போடறதில்ல.

உரம் வந்ததும் அடிப் பானையத் தொறந்தா வர்ற வாசனை இருக்கே, முதல் மழையில மண்ணு மணக்குமே அதே மணம். மண்ணுல இருக்குற அதே மாதிரி நுண்ணுயிர்தான் ரெண்டுக்கும் காரணம். அந்த மணத்துக்காகவே வாரத்துல ஒரு நாள் மூடியத் தொறந்து பாப்பேன். உரம் போட்ட தொட்டியில நான் விதைக்காத தக்காளி முளைச்சு, போன தையில ரெண்டு கிலோ காய்ச்சுது.

இவ்வளவு சொல்லிட்டு, வாங்கலாமான்னு கேட்டா இப்ப வாங்காதேன்னுதான் சொல்வேன். நான் 2,600 ரூபா குடுத்தேன், இப்ப 1,900க்கு வருதாம். பானை மேல குறையே இல்ல, மண்ணு சுவர் ஈரத்த இழுத்துக்கும், நல்லா சுட்டது, ஒரு விரிசல்கூட இல்ல. ஆனா மூணு தடவை சொல்லியும் கயித்த மாத்தாதவங்களுக்கு இன்னொருத்தி காசு குடுக்குறத என்னால பொறுக்க முடியல. பழைய பெயின்ட் வாளி ரெண்டு எடுத்து சுத்தியும் ஓட்டை போட்டு, மாத்தி மாத்தி நிரப்பினாலே உரம் வரும், என் தங்கச்சி பல்லாவரத்துல அப்படித்தான் பண்றா. நீ பானைதான் வேணும்னு நின்னா, வந்த அன்னிக்கே சணல அறுத்துப் போட்டுட்டு தேங்கா நார்க் கயித்துல பின்னிடு, அத்தை இன்னும் பத்து நாள் இங்கதான் இருக்காங்க, தூக்கிட்டு வா.

எதுவா இருந்தாலும் சாக்க இப்பவே எடுத்து வை. எங்க தெருவுல வேம்பு உதிர ஆரம்பிச்சு நாலு நாளாச்சு.