ஐ5-4590 பிராசசரும் ஆர்எக்ஸ் 6600 கார்டும்: பழைய கணினியில் நெடுநாள் அனுபவம்

பழைய பிராசசரை வைத்துக்கொண்டு புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்டால், இணையத்தில் உடனே ஒரு சதவீதக் கணக்கு வந்து நிற்கும். இந்த பிராசசருக்கு இந்தக் கார்டு இத்தனை சதவீதம் பொருந்தாது என்பார்கள். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஒரே பிராசசர், ஒரே கார்டு. ஆனால் ஒரு விளையாட்டில் கார்டு திணறும், இன்னொன்றில் பிராசசர் திணறும். ரெசல்யூஷனை மாற்றினால் நிலைமை தலைகீழாகும். இதை ஒற்றை எண்ணில் எப்படி அடக்க முடியும்?

என்னிடம் இருந்தது 2014 இல் வந்த இன்டெல் கோர் ஐ5-4590. நான்கு கோர் (கணக்கிடும் மையங்கள்), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்), உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். கூடவே 16 ஜிபி டிடிஆர்3 மெமரியும் 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டும். 2023 இல் அந்தக் கார்டை எடுத்துவிட்டு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 போட்டேன். அன்று முதல் இதுதான் என் கணினி.

வாங்குவதற்கு முன் செய்த ஒரு சோதனையைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். பழைய கார்டு இருக்கும்போதே, நீங்கள் அதிகம் ஆடும் விளையாட்டைத் திறந்து ரெசல்யூஷனை 1280 x 720க்கு இறக்குங்கள். ஆன்டி அலியாசிங் (படத்தின் ஓரங்களை மென்மையாக்கும் வசதி), நிழலின் தரம் போன்றவற்றையும் குறையுங்கள். ஆனால் கூட்டத்தின் அடர்த்தி, காட்சித் தொலைவு ஆகிய இரண்டையும் வழக்கமாக ஆடும் அளவிலேயே விட்டுவிடுங்கள், ஏனென்றால் அவை பிராசசரின் வேலை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் கார்டின் பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால், அப்போது திரையில் ஓடும் பிரேம் எண்ணிக்கைதான் (ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பது) ஏறக்குறைய உங்கள் பிராசசரின் உச்சவரம்பு. எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கினாலும் அந்த வரம்பு உயராது.

இந்தச் சோதனையில், தி விட்சர் 3 விளையாட்டில் ஊருக்கு வெளியே வெலன் சதுப்பு நிலத்தில் எனக்கு 90 பிரேமுக்கு மேல் வந்தது. நொவிகிராட் நகரச் சந்தைக்குள் குதிரையை ஓட்டினால் 60ஐ ஒட்டி வந்து நின்றது. என் மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். ஆக எனக்குத் தேவை, 1080பியில் உயர்ந்த செட்டிங்கில் 60 பிரேமைச் சிரமமில்லாமல் தரும் கார்டு. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் சும்மா கிடக்கும்.

இந்தக் கணக்குக்கு ஆர்எக்ஸ் 6600 கச்சிதமாகப் பொருந்தியது. 8 ஜிபி மெமரி, 132 வாட் மின்சாரம், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. ஏற்கெனவே இருந்த 450 வாட் பவர் சப்ளையே போதுமானதாக இருந்தது. கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இல் இதற்கு எட்டு லேன்கள் (தரவு செல்லும் பாதைகள்)தான். என் மதர்போர்டு 3.0 என்பதால் வேகம் பாதியாகும், ஆனால் 8 ஜிபி மெமரி இருப்பதால் நடைமுறையில் இழப்பு சொற்பம். இதே நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நான்கே லேன்கள், 4 ஜிபி மெமரி. பழைய மதர்போர்டில் அது கண்கூடாகத் தடுமாறும். விலை குறைவு என்று அதைப் பழைய கணினிக்குப் பரிந்துரைப்பவர்கள் மீது எனக்கு வருத்தமே உண்டு. இன்டெல் ஆர்க் கார்டுகளையும் இந்த வயதுடைய கணினிக்கு ஒதுக்கிவிடுங்கள். அவற்றுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகும்) வசதி அவசியம், அந்தக் கால மதர்போர்டுகள் அதற்காக உருவானவை அல்ல.

போட்ட பிறகு எப்படி இருந்தது? பல மடங்கு முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் சராசரி பிரேம் எண்ணிக்கை மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. ஜிடிஏ 5 இல் நகருக்குள் காரை வேகமாக ஓட்டினால் சராசரி 75க்கு மேல் காட்டும், ஆனால் தெரு திரும்பும் இடத்தில் படம் ஒரு நொடி வெட்டி வெட்டி ஓடும். அந்த நேரத்தில் நான்கு கோர்களும் 100 சதவீதத்தில் இருக்கும். ரிவாட்யூனர் என்ற மென்பொருளில் 60 பிரேம் என்று வரம்பு வைத்ததும் பெரும்பாலான வெட்டல் நின்றுவிட்டது. பிராசசருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது, ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒன்றாகச் சீராக வந்து சேர்கிறது. 75இல் தட்டுத் தடுமாறுவதைவிட 60இல் சீராக ஓடுவதையே கண் விரும்புகிறது.

பிராசசர் பயன்பாட்டைப் பார்க்கும்போது மொத்தச் சதவீதத்தைப் பார்க்க வேண்டாம். நான்கு கோரில் ஒன்று முழுதாகத் திணறினாலும் மொத்தம் 25 சதவீதம் என்றே காட்டும். கோர் வாரியாகப் பாருங்கள். ஷேடோ ஆஃப் தி டூம் ரெய்டர் விளையாட்டில் உள்ள பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) இன்னும் தெளிவு, எத்தனை சதவீத நேரம் பிராசசர் கார்டுக்காகக் காத்திருந்தது என்று முடிவிலேயே சொல்லிவிடும். எனக்கு 1080பியில் அது பாதிக்கும் கீழே வந்தது. மீதி நேரமெல்லாம் பிராசசருக்காகக் கார்டு காத்திருந்திருக்கிறது.

பிராசசர் தடுக்கும் இடத்தில், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து படத்தைப் பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர் போட்டும் பயனில்லை. அது கார்டின் சுமையைத்தான் குறைக்கும். எதிர்த்திசையில் போக வேண்டும்: டெக்ஸ்சரையும் நிழலின் தரத்தையும் உயர்த்துங்கள், 1440பிக்குப் போங்கள். பிரேம் குறையாமல் படம் அழகாகும். கூட்டத்தின் அடர்த்தியை மட்டும் ஒரு படி இறக்குங்கள். ரே டிரேசிங் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வேண்டவே வேண்டாம், அது பிராசசருக்கும் வேலை வைக்கும்.

பிற்பாடு சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய ஐ7-4790 வாங்கினேன். அதே சாக்கெட், அதே 84 வாட், ஆனால் எட்டு திரெட். பழைய கார்டு வாங்க யோசிப்பேன், பழைய பிராசசர் வாங்கத் தயங்க மாட்டேன். பின்களும் தொடுதளங்களும் நன்றாக இருந்தால் அவை எளிதில் கெடுவதில்லை. சராசரி பிரேம் பெரிதாக ஏறவில்லை, ஆனால் நொவிகிராடிலும் ஜிடிஏ 5 நகரத்திலும் வெட்டல் அநேகமாக மறைந்தது. அந்தச் செலவுக்குக் கிடைத்த பலன் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

எல்லை எங்கே என்பதும் தெரிகிறது. சைபர்பங்க் 2077 தன் குறைந்தபட்சத் தேவையை 2023 இல் ஐ7-6700 ஆக உயர்த்திவிட்டது. என் கணினியில் கூட்டமான தெருக்களில் 40களில்தான் ஓடுகிறது. விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இந்தத் தலைமுறை பிராசசர் இல்லை. அடுத்து மதர்போர்டு மாற்றும்போது இதே கார்டை அதில் செருகுவேன், அங்கே 4.0 வேகமும் முழுதாகக் கிடைக்கும். ஐ5-2400, ஐ5-3470 போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் யோசனை வேறு: அவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை, அது இல்லாத பிராசசரில் சில புதிய விளையாட்டுகள் திறப்பதேயில்லை. கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தை அவர்கள் முதலில் பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் செலவிடட்டும்.