மாரிஸ் மைனருக்கு முன்பக்க டிஸ்க் பிரேக் கிட்: வாங்கி, மாட்டி, ஓட்டிப் பார்த்தது

அப்பாவின் பழைய பிரிட்டிஷ் கார், மாரிஸ் மைனர், என் கைக்கு வந்தபோது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வா. பிரேக்கை நம்பாதே." முப்பது வருடம் அந்த வண்டியை ஓட்டியவர். அவர் சொன்னபடியேதான் ஓட்டினேன். ஆனாலும் போன வருடம் ஒரு நீண்ட மலை இறக்கத்தில், உள்ளே நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான், ஆறேழு வளைவு தாண்டியதும் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங் கருகும் வாடை உள்ளே வந்தது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து இறங்கினோம். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி மகளைத் திரும்பிப் பார்த்தேன். முன்பக்க டிரம் பிரேக்கை டிஸ்க்குக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பழைய பிரேக்கைக் குறை சொல்ல மாட்டேன். 1948-ல் மைனர் வந்தபோது அதில் இருந்தது 918 சி.சி. இன்ஜின். 1962-ல் 1098 சி.சி. ஆக்கியபோது முன் டிரம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். எங்களுடையது அந்த 1098. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் உருளை, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிப்பது ஷூ. முன்சக்கரத்தில் இரண்டு ஷூவுமே லீடிங் ஷூ. சுற்றுகிற டிரம்மே ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும், அதனால் லேசாக மிதித்தாலே பிடிக்கும். சிக்கல் எல்லாம் சூட்டில்தான். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டு, பேட் அதை இரண்டு பக்கமும் கவ்வும். அது சூடானால் தடித்துப் பேடை நோக்கி வரும், காற்றும் அதன்மேல் நேராகப் படும்.

கிட் பெட்டியில் இரண்டு டிஸ்க், பேடை அழுத்தும் இரண்டு காலிப்பர், பேட், பிராக்கெட், ஆயில் போகும் ஹோஸ், போல்ட், ஒற்றைத் தாளில் செய்முறை, அவ்வளவுதான். இதில் பிராக்கெட்டை மனதாரப் பாராட்ட வேண்டும். நல்ல தடிமனான பிளேட்டில் வெட்டி, ஓரங்களைப் பிசிறில்லாமல் தேய்த்திருந்தார்கள். டிரம்மின் பின்தகடான பேக் பிளேட் இருந்த அதே துளைகளில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. அரம் போடவோ, புதிதாகத் துளை போடவோ வேலையே இல்லை. காலிப்பரை மாட்டி, டிஸ்க்குக்கு இரண்டு பக்கமும் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பழைய 14 அங்குலச் சக்கரமே மேலே ஏறியது. காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே 4 மி.மீ. இடம் இருக்கிறது. உள்பக்கம் ஒட்டுகிற பேலன்ஸ் வெயிட் மட்டும் வேண்டாம், உரசும்.

பழைய டிரம்மைக் கழற்றுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கும். உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் போட்டு மூடிவிடுங்கள்.

சக்கரமும் டிஸ்க்கும் மாட்டுகிற ஹப்பின் முகத்தில் இருக்கிற துருவை முழுதாகச் சுரண்டாமல் டிஸ்க்கை மாட்டினால் பெடல் காலில் துடிக்கும். இடது பக்கம் டிஸ்க்கைச் சுற்றி அளந்தபோது டயல் கேஜில் முதலில் 0.18 மி.மீ. ஆட்டம் காட்டியது. கழற்றி, உப்புத்தாள் போட்டு, பளபளப்பு வரும்வரை தேய்த்து மறுபடி மாட்டியதும் 0.06. நான் வைத்துக்கொண்ட எல்லை 0.10. செய்முறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஹோஸில்தான் உண்மையிலேயே கோபம் வந்தது. காலிப்பரின் துளை எம்10, அதாவது மில்லிமீட்டர் அளவு மரை. வண்டியின் பழைய குழாய்களோ யு.என்.எஃப். என்கிற 3/8 அங்குல மரை. அதாவது ஹோஸின் ஒரு முனை ஒரு மரையிலும் மறுமுனை இன்னொரு மரையிலும் இருக்க வேண்டும். வந்த இரண்டில் ஒன்றுக்கு இரு முனையும் யு.என்.எஃப். விட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. கையால் திருகும்போது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆனால் விரலால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. அதையே ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தால் பிடித்த மாதிரி தோன்றியிருக்கும். என்றைக்காவது அவசரமாக அழுத்தி மிதிக்கும் நாளில் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். பிரேக் சாமான் விற்பவர்கள் ஒவ்வொரு ஹோஸையும் ஒரு தடவை மரையில் வைத்துப் பார்க்காமல் அனுப்பலாமா? படம் எடுத்து அனுப்பினேன், எட்டாவது நாள் சரியான ஹோஸ் வந்தது. மாற்றிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் எந்தக் கிட் வாங்கினாலும் முதலில் கையால் திருகிப் பாருங்கள். ஆடினால் மாட்டாதீர்கள்.

அப்புறம் பிரேக் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற, ஏர் எடுக்கும் வேலை. தம்பி பெடலில், நான் சக்கரத்தடியில். "அமுக்கு... பிடிச்சுக்கோ... விடு" என்று ஒரு மாலை முழுக்கப் போனது. ஒரு லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. "அக்கா, நிப்பிள் கீழ இருக்கே, காத்து மேலதானே நிக்கும்?" என்று, காற்றை வெளியே விடும் அந்தத் திருகைக் காட்டித் தம்பி கேட்ட பிறகுதான் புரிந்தது. இடது காலிப்பர் வலதிலும், வலது காலிப்பர் இடதிலும் இருந்தன. காலிப்பரில் இடது, வலது என்று எந்தக் குறியும் இல்லை, இரண்டு பக்கமும் சரியாகவே பொருந்துகிறது. மாற்றிப் போட்டு, நிப்பிள் மேலே வந்ததும் பத்து நிமிடத்தில் பெடல் கல்லாக நின்றது. ஆயில் டாட் 4 தரம். புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரத்தை இழுத்துக்கொண்டால் அது 155 வரை இறங்கிவிடும் என்பதால் திறந்து பழசான புட்டியை இதற்குப் பயன்படுத்தவில்லை.

முதல் ஓட்டத்தில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பியதும் முன்சக்கரத்தின் பக்கம் கை வைக்க முடியவில்லை. ஜாக்கி போட்டுச் சுற்றிப் பார்த்தால் சக்கரம் இறுக்கமாகத் திரும்பியது. பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடவில்லை. காரணம், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த சின்ன வால்வு. டிரம் பிரேக்குக்குக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் தங்கியிருக்க வேண்டும், அழுத்த அளவில் சுமார் 10 பி.எஸ்.ஐ. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர்கள் சுவரோடு ஒட்டி நிற்பது அதனால்தான். டிரம்மில் அந்த அழுத்தத்தை மீறி ஷூவைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் அப்படி இழுக்க எதுவும் இல்லை, அந்த 10 பி.எஸ்.ஐ. பேடைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சரி, வால்வை எடுத்துவிட்டால் போதுமா என்றால் போதாது, பின்பக்கம் இன்னும் டிரம்தானே. மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எங்கள் வண்டியில் அளந்து பார்த்தேன், அது காலிப்பரைவிடத் தாழ்வு. ஒன்றுமே வைக்காவிட்டால் முன்பக்க ஆயில் மெல்லப் பின்வாங்கி, முதல் மிதி வெறும் மிதியாகப் போகலாம். அதனால் உள்ளே இருந்த வால்வை எடுத்துவிட்டு, குழாயின் வழியில் முன்பக்கத்துக்கு 2 பி.எஸ்.ஐ. வால்வும் பின்பக்கத்துக்கு 10 பி.எஸ்.ஐ. வால்வும் தனித்தனியாக வாங்கிப் போட்டேன். அன்றோடு சூடு நின்றது. இந்த இரண்டு வால்வும் கிட்டிலேயே வந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் அந்தத் தாளிலாவது எழுதியிருக்க வேண்டும். இது தெரியாமல் மாட்டியவர் பிரேக் இறுகிய வண்டியோடு நெடுஞ்சாலையில் போவார்.

புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்க, காலிச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி ஒரு பத்து தடவை. பிறகு நன்றாக ஆறவிட்டேன். அதற்கப்புறம் வண்டியே வேறு. பக்கவாட்டில் இழுப்பதே இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் தேங்கிய சாலையைத் தாண்டினால் ஒரு முன்சக்கரம் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது; ஸ்டீயரிங் கையை விட்டுத் திமிறும். அது போயே போய்விட்டது. ஏற்றத்தில் நின்று பின்னால் உருளும்போதும் அதே பிடி கிடைக்கிறது. பழைய லீடிங் ஷூ, பின்னோக்கி உருளும்போது பாதி பலம்கூடக் காட்டாது. அந்த மலை இறக்கத்துக்கே திரும்பப் போனேன், அதே போல நான்கு பேரோடு. கீழே வரும்வரை பெடல் ஒரே உயரத்தில் இருந்தது.

ஒரு மாற்றம் எல்லோருக்கும் பிடிக்காது. டிஸ்க் தானாக இழுத்துக்கொள்ளாது என்பதால் கூடுதலாக மிதிக்க வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. அம்மா ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பிடிக்குதுடி, ஆனா முட்டி வலிக்கும் போல" என்றார். அவரும் ஓட்டுகிற வண்டி, அதனால் மிதியின் பலத்தைக் கூட்டும் சர்வோ ஒன்றைத் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் பொருத்த வேண்டும். வீட்டில் வயதானவர்கள் ஓட்டுவதாக இருந்தால் முதலிலேயே சர்வோவோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

இரும்பு வேலைக்கு முழு மதிப்பெண் தருவேன், செய்முறைத் தாளுக்கு எதுவும் தர மாட்டேன். பிரேக் குழாய் வேலை தெரிந்தவர், அல்லது தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருப்பவர், தயங்காமல் வாங்கலாம். தாளை மட்டும் நம்பி முதன்முதலாகப் பிரேக்கில் கை வைப்பவர்களுக்கு இந்தக் கிட் வேண்டாம்.

வண்டியில் எங்கும் வெட்டவில்லை, துளை போடவில்லை. வால்வுக்காகக்கூடப் புதுக் குழாய் வளைத்துப் போட்டேன். டிரம், பேக் பிளேட், பழைய குழாய் எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவி, லைனிங்கில் எண்ணெய் படாமல் ஷூவைத் தனியாகச் சுற்றி, இடது வலது எழுதி, ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். ஒரு சனி ஞாயிறு கிடைத்தால் அப்பா விட்டுப்போன வண்டியை அப்படியே திரும்ப ஆக்கிவிடலாம்.