எம்.எஸ். நோயில் விழுங்கும் சிக்கல்: கேள்வித்தாளா, தண்ணீர்ச் சோதனையா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) இருப்பவர் நடையில் தள்ளாடினால் வீடே பதறும். சாப்பாட்டில் புரை ஏறினால் மட்டும் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கறாங்க" என்று விட்டுவிடுவோம். நரம்புறை சிதையும் இந்த நோயில் விழுங்கும் தசைகளும் தடுமாறலாம். தண்ணீரோ சோறோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரை போகும்.

முதற்கட்டமாகப் பார்க்க, தண்ணீர்ச் சோதனை ஒன்று. 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வார்கள். இடையில் நிறுத்தினாலோ, இருமினாலோ, குடித்ததும் குரல் கொழகொழத்தாலோ மேற்கொண்டு பார்க்க வேண்டும். பயிற்சி பெற்றவர் முன்னால் செய்வதுதான் சரி. விடை உடனே தெரிந்துவிடும். ஆனால் இந்த நோய் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. அசதியிலும் வெக்கையிலும் அறிகுறிகள் கூடும். காலையில் ஏசி அறையில் மடமடவென்று குடித்துக் காட்டியவர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் வாடியபின் ராத்திரி ரசஞ்சோற்றுக்குத் திணறலாம்.

அந்த ராத்திரிச் சாப்பாட்டையும் கேட்டு வாங்குவது கேள்வித்தாள்தான். இதில் இரண்டு உண்டு. ஈட்-10 என்ற கேள்வித்தாள் எந்த நோய்க்கும் பொது: 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், கூட்டுத்தொகை 3 வந்தாலே கவனிக்க வேண்டும். மாத்திரை விழுங்குவதையும், வெளியே சாப்பிடப் போக முடிகிறதா என்பதையும் கேட்கும். டைமஸ் என்ற கேள்வித்தாள் எம்.எஸ்.ஸுக்கென்றே இத்தாலியில் உருவாகி 2008இல் வெளியானது. அதிலும் 10 கேள்விதான். ஆம், இல்லை என்றால் போதும். கெட்டி உணவையும் நீராகாரத்தையும் பிரித்துக் கேட்பதால் என் ஓட்டு இதற்கே. அரிசிம்பருப்புச் சோறு இறங்குகிறது, நீர்மோருக்குத்தான் புரை ஏறுகிறது என்று தெரிந்தால் எதை மாற்றுவது என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

ஆனால் பதில் சொல்பவரை மட்டும் நம்ப முடியாது. "மெதுவாத் தின்னா ஒண்ணுமில்லீங்க" என்பார். அந்த மெதுவே ஓர் அறிகுறி. கூட வந்த மகளைக் கேட்டால், "முன்னெல்லாம் பத்து நிமிசத்துல எந்திரிச்சிருவாருங்க, இப்ப அரை மணி நேரம் ஆகுதுங்க" என்று வரும். இருவரையும் உட்காரவைத்தே கேட்க வேண்டும்.

இருமலே வராமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் வகையும் உண்டு. அதைக் கேள்வித்தாள் கோட்டைவிடும், தண்ணீர்ச் சோதனையும் விடலாம். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டோ, பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோவிலோதான் அதைப் பிடிக்க முடியும். எல்லோருக்கும் இது தேவையில்லை. நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருகிறவருக்கும், காரணமில்லாமல் எடை குறைகிறவருக்கும் மட்டும், மதிப்பெண் எதுவானாலும் நேராக இதைக் கேட்டுவிடலாம்.