பொன்னிக்கு வாங்கிய வெடிச்சத்தச் சட்டை

தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசத்தில் நான் ரவிக்கை தைக்கிற தெரு ஒரு முனையில் கோயிலையும் மறுமுனையில் சுடுகாட்டுப் பாதையையும் தொடுகிறது. அதனால் வெடி எங்களுக்குத் தீபாவளியோடு முடிகிற விஷயம் இல்லை. சாமி புறப்பாட்டுக்கு வாணவேடிக்கை, காதுகுத்துக்கும் கட்சிக்காரர் வருகைக்கும் சரவெடி, வயசானவர் யாராவது தவறிவிட்டால் பறையோடு சேர்த்து வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் வெடி. நாய்க்கு இதில் ரொம்ப மோசமானது சாவு வெடிதான். திருவிழாவுக்கு நோட்டீஸ் ஒட்டுவார்கள், நாமும் தயாராக இருக்கலாம். சாவு சொல்லிக்கொண்டா வருகிறது?

பொன்னி எங்கள் வீட்டு நாய். நாட்டு நாய்தான், செவலை நிறம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு. வெடிச்சத்தம் தூரத்தில் கேட்டாலே உதட்டை நக்க ஆரம்பிப்பாள், கொட்டாவி விடுவாள். பார்க்கிறவர்கள் தூக்கம் வருகிறது என்று நினைப்பார்கள். பயம் தொடங்குவதற்கான அடையாளமே அதுதான். அப்புறம் வாலை இடுக்கிக்கொண்டு மூச்சிரைப்பு, நடுக்கம், எச்சில் வடிதல். கடைசியில் என் தையல் மிஷினுக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடுவாள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

என் தம்பி மகன்தான், "அத்தை, இதுக்குன்னே ஒரு சட்டை வருது" என்று போனில் காட்டி ஆர்டர் போட்டுக்கொடுத்தான். விலை 900 ரூபாய்க்குள். நாயின் நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி ஒரே சீராக இறுக்கிப் பிடிக்கும் சட்டை. கைக்குழந்தையைத் துணியில் சுற்றிவைத்தால் அடங்கிப்போகிற மாதிரி, மிதமான அழுத்தம் நாயின் படபடப்பையும் குறைக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. அமெரிக்காவில் தண்டர்ஷர்ட் என்ற பெயரில் 2009 வாக்கில் விற்பனைக்கு வந்த யோசனை இது. இப்போது நம் ஊரில் பல பெயர்களில் ஏறக்குறைய அதே வெட்டில் கிடைக்கிறது. நான் வாங்கியதன் பெயரை எழுதவில்லை. சொல்லப்போகிற குறைகள் இந்த வெட்டில் வருகிற எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடியவை.

முதலில் துணி. வெளிப்பக்கம் பாலியெஸ்டர், உள்ளே மெல்லிய பஞ்சு வைத்த லைனிங். குளிர் நாட்டுக்குச் சரி. ஐப்பசியில் நம் பக்கம் மழை பெய்து நின்றதும் வீட்டுக்குள் எப்படிப் புழுங்கும் என்று உங்களுக்கே தெரியும். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பயத்திலும் மூச்சிரைக்கும். இந்தச் சட்டையைப் போட்டுவிட்டால் இரைப்பது பயத்தாலா புழுக்கத்தாலா என்று நமக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. என் கணக்கில் பெரிய குறை இதுதான்.

அடுத்தது கைக்குழி. முன்னங்கால் நுழைகிற இடத்தில் ஓவர்லாக் அடித்த ஓரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள், மடித்துத் தைக்கவும் இல்லை, ஓரத்தை மூடித் தைக்கிற பட்டையான பைப்பிங்கும் இல்லை. ரவிக்கையில் இப்படி விட்டால் வாடிக்கைக்காரர் மறுநாளே திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுவார். பொன்னிக்குக் கக்கத்தில் முடி குறைவு, அந்த ஓரம் உராய்ந்து தோல் சிவந்துவிட்டது. பழைய வாயில் புடவையில் குறுக்கு வெட்டாக ஒரு பட்டை எடுத்துப் பைப்பிங் வைத்ததும் அந்தத் தொல்லை போய்விட்டது.

அளவு அட்டையும் நம் நாய்களுக்கானது இல்லை. நெஞ்சுச் சுற்றளவை மட்டும் வைத்து சைஸ் சொல்கிறார்கள். லேப்ரடாருக்கு நெஞ்சும் வயிறும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதற்கு உட்காரும். நாட்டு நாய்க்கும், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கும் நெஞ்சு இறக்கம், இடுப்பு ஒடுக்கம். நெஞ்சில் சரியாகப் பிடிக்கிற சட்டை வயிற்றில் தொளதொள என்று தொங்கும். தொங்கினால் அழுத்தமே கிடைக்காது. போட்டும் பிரயோஜனம் இல்லை. நான் வயிற்றுப் பக்கம் இரண்டு டாட், அதாவது துணியை உள்பக்கம் கூம்பாக மடித்துத் தைக்கிற பிடிப்பு, வைத்துச் சரிசெய்தேன். உங்களுக்குத் தைக்கத் தெரியாவிட்டால் பக்கத்து டெய்லரிடம் கொடுங்கள், ரவிக்கைக்கு டாட் பிடிக்கிற அதே வேலைதான். இறுக்கம் எவ்வளவு என்றால், துணிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கக் கூடாது.

வெல்க்ரோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிக்கும்போது வரும் அந்தச் 'சர்ர்' சத்தம்! மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க் காது 45,000 வரை கேட்கும். சத்தத்துக்குப் பயப்படுகிற பிராணியின் முதுகிலேயே கிழிகிற சத்தத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். சட்டையைக் கையில் எடுத்தாலே பொன்னி நகர்ந்துபோனாள். அதற்காகவே வெல்க்ரோவைப் பிரித்து எடுத்துவிட்டு, முதுகுப் பக்கம் முடிச்சு வருகிற மாதிரி நாடா வைத்தேன். முதுகில் இருந்தால் வாய் எட்டாது, கடிக்க மாட்டாள். கொக்கி வைக்க வேண்டாம். கழன்று விழுந்தால் விழுங்கிவிடும்.

வந்த சட்டையைத் திருத்தியதோடு, அதை அளவுக்கு வைத்துக்கொண்டு பழைய லெக்கின்ஸ் ஒன்றை வெட்டிப் புதிதாகவும் தைத்தேன். காட்டனில் லைக்ரா கலந்த துணி, நான்கு பக்கமும் இழுபடும், இழுத்து விட்டால் பழையபடி சுருங்கும், காற்றும் போகும். வெறும் பனியன் துணி அப்படி இல்லை, நாலு முறை போட்டால் தளர்ந்துவிடும். பொன்னி இப்போது போடுவது லெக்கின்ஸ் சட்டையைத்தான். செலவு நூலும் நாடாவும்தான்.

சரி, பயன் இருக்கிறதா? இருக்கிறது, ஓர் அளவுக்கு. ஆனால் வெடி வெடிக்கிற நேரத்தில் எடுத்து மாட்டினால் இருக்காது. அப்படி மாட்டினால் நாய் வேறு பாடத்தைக் கற்றுக்கொள்ளும்: சட்டை வந்தால் பின்னாலேயே வெடி வரும் என்று. ஆவணியிலிருந்தே அமைதியான நேரங்களில், சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது, கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றிக்கொண்டே இருந்தேன். முதலில் சிலை மாதிரி நின்றாள். அப்படி உறைந்து நிற்பதைச் சிலர் அமைதி என்று எடுத்துக்கொள்வார்கள். அது அமைதி இல்லை. நடந்து, படுத்து, உடம்பை உதறி, சாதாரணமாகச் சாப்பிட்டால்தான் பழகிவிட்டது என்று அர்த்தம்.

தீபாவளிக்கு முந்தைய ராத்திரி எங்கள் தொழிலில் யாருக்கும் தூக்கம் கிடையாது. விடிந்தால் கட்டிக்கொள்ள வேண்டிய புடவைக்கு ரவிக்கை கேட்டு வாசலில் ஆள் நிற்பார்கள். மிஷின் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, பொன்னி சட்டையோடு காலடியில் படுத்திருந்தாள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு போட்ட பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு அறிவித்து வருகிறது. எங்கள் தெருவில் எண்ணெய் தேய்க்கிற நேரத்துக்கே, நாலு மணிக்கெல்லாம் முதல் வெடி. தூரத்துச் சத்தங்களுக்கு அவளிடம் நடுக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது. காதைத் திருப்பினாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். முந்தைய வருஷங்களில் அந்த நேரம் எச்சில் வடிய நின்றுகொண்டே இருப்பாள். ஆனால் எதிர்வீட்டு வாசலில் அணுகுண்டு வெடித்ததும் சட்டை ஒன்றும் செய்யவில்லை, துள்ளி எழுந்து மூட்டைக்குப் பின்னால் போய்விட்டாள். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அந்த எல்லைக்குள் வருகிற வெடியே பக்கத்தில் வெடித்தால் நம் காது அடைத்துப்போகும். ஒரு சட்டை அதற்கு என்ன செய்யும்?

சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர், நாய் வளர்க்கிற 1,225 பேரிடம் கேட்டு 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இறுக்கச் சட்டை போட்டுப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் பலன் தெரிந்தது என்றார்கள். என் அனுபவத்துக்கு அந்த எண் சரியாகவே பொருந்துகிறது. அதே ஆய்வில் 70 சதவீதத்துக்கு மேல் பலன் சொன்ன வழி ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு அதிகம் தேவையில்லை. வெடி வெடித்த அடுத்த நொடி நாய்க்கு ரொம்பப் பிடித்த ஒன்றைக் கொடுப்பது. அவ்வளவுதான்.

நான் கோழி ஈரலை உப்புப் போடாமல் வேகவைத்து, நகக்கண் அளவுக்கு நறுக்கி டப்பாவில் மிஷின் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். 'டம்' என்றால் ஒரு துண்டு. வரிசை முக்கியம்: சத்தம் முதலில், ஈரல் பிறகு. மாற்றிச் செய்தால் ஈரலைப் பார்த்ததுமே சத்தம் வரப்போகிறது என்று பயப்படத் தொடங்கும். வெடி இல்லாத நாட்களிலும் யாராவது குடத்தை நங்கென்று வைத்தாலோ இடி இடித்தாலோ இதையே செய்வேன். இப்போது தூரத்தில் வெடித்தால் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைப் பார்க்கும்போது எனக்கு வருகிற நிம்மதியைச் சொல்லி மாளாது.

எதிர்வீட்டு அக்கா, "நீ தடவிக் கொடுத்தா அது பயத்தை இன்னும் ஏத்திவிடும்மா" என்றார். நிறையப் பேர் இதை நம்புகிறார்கள். பயம் என்பது நாய் வேண்டுமென்று செய்கிற சேட்டை இல்லை, ஆறுதல் கொடுத்தால் வளர்வதற்கு. அது மடியைத் தேடி வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒளியப் போனால் விட்டுவிடுங்கள், இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள்.

கரண்ட் பிளக்கில் மாட்டுகிற மணமூட்டி ஒன்றும் விற்கிறார்கள், தாய் நாய் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போது சுரக்கிற பொருளைப் போலச் செய்தது, அடாப்டில் என்ற பெயரில் வருவது தெரிந்த ஒன்று. மூடிய அறைக்குத்தான் அது. எங்கள் வீடு முற்றம் வைத்த பழைய வீடு, காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். மழைநாளில் கரண்டும் போய்விடும். அதனால் வாங்கவில்லை.

எங்கள் கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவிடம் சட்டையைக் காட்டியபோது அவர் தைத்த விதத்தைப் பாராட்டிவிட்டு ஒன்று சொன்னார்: ஈரலைக்கூடத் தொடாத அளவுக்குப் பயம் என்றால் சட்டையையும் தின்பண்டத்தையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம், மருந்து வேண்டும். முன்பெல்லாம் கொடுத்த அசெப்ரோமசின் மாத்திரை மட்டும் போதாது, அது உடம்பை அசையவிடாமல் செய்யுமே தவிர பயத்தை எடுக்காது என்று விளக்கினார். இப்போது பதற்றத்தையே குறைக்கிற மருந்துகள் இருக்கின்றன. எடைக்கு ஏற்ற அளவை டாக்டர்தான் எழுத வேண்டும், பண்டிகைக்கு முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்து எப்படி ஒத்துக்கொள்கிறது என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கிற மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. பூனைக்குப் பாரசிட்டமால் உயிரையே எடுத்துவிடும். சிக்கலான நாய்களை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம், டெல்டாவுக்கு 2012இல் அந்தக் கல்லூரி வந்தது பெரிய வசதி.

பூனை வைத்திருப்பவர்கள் இந்தச் சட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன். எங்கள் மாடிவீட்டுப் பூனைக்குச் சின்ன சைஸ் தைத்துப் போட்டுப் பார்த்தோம், பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து அசையாமல் கிடந்தது. அதற்கு ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டியும் பழைய புடவையும் பரண் மேல் இடமும் போதும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், கடையில் வந்தபடியே இருந்தால் இரண்டு. பைப்பிங், டாட், நாடா மூன்றும் மாற்றிய பிறகு மூன்றரை. ஏசி அறையில் லேப்ரடார் வளர்ப்பவர்களுக்கு வந்தபடியே சரியாக இருக்கலாம். நாட்டு நாய்க்கு என்றால் பழைய லெக்கின்ஸை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போங்கள், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, பின்தொடைக்கு முன்னால் இடுப்புச் சுற்றளவு, கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகு நீளம், இந்த மூன்றையும் நாய் நிற்கும்போது எடுத்துக்கொடுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் யாருக்கும் கை ஓயாது. ஆடி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், நாய்க்கும் பழகிக்கொள்ள நாள் கிடைக்கும்.